வருமானம் நின்றுவிட்டது, ஒன்பது வயது நாயைப் பிரியாமல் வைத்துக்கொள்ளக் காப்பகம் உதவுமா?

கேள்வி:
வேலை போய்விட்டதால் வாடகை குறைந்த வீட்டுக்கு மாற வேண்டிய நிலையில் இருக்கிறோம். எங்களிடம் ஒன்பது வயதுப் பெண் நாய் இருக்கிறது. குட்டியிலிருந்து எங்களோடுதான் வளர்கிறது. சில மாதங்களாக ஓயாமல் கடித்துச் சொறிந்துகொள்வதால், வாலுக்கு மேலே முதுகில் முடி கொட்டிப் புண்ணாகிவிட்டது. மருத்துவச் செலவுக்கு இப்போது வழியில்லை. காப்பகத்தில் ஒப்படைத்துவிடுவதே அதற்கு நல்லது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. வளர்ப்பவரே தொடர்ந்து வைத்துக்கொள்வதற்கும் காப்பகங்கள் உதவும் என்கிறார்களே, அது உண்மையா? அப்படி உதவி கேட்பது முறையாகுமா?

மறுமொழி 1 (காப்பகத்தின் சேர்க்கைப் பிரிவில் பணியாற்றுபவர்):
உண்மைதான், தாராளமாகக் கேளுங்கள். ஒப்படைக்க வருபவர்களில் வேண்டாம் என்று வெறுத்து வருபவர்கள் குறைவு. வேறு வழி தெரியாமல் வருபவர்களே மிகுதி. அதனால் படிவத்தை நீட்டுவதற்கு முன்பே, “எந்தச் சிக்கல் தீர்ந்தால் இதை நீங்களே வைத்துக்கொள்வீர்கள்?” என்று கேட்கிறோம். பல நேரங்களில் சில வாரங்களுக்கான உணவோ, தடுப்பூசியோ, குறைந்த கட்டணத்தில் ஒரு கருத்தடை அறுவை சிகிச்சையோ போதுமானதாக இருக்கிறது. குரைப்பு, கடி, கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தல் போன்றவற்றுக்குத் தொலைபேசியிலேயே பயிற்சியாளரிடம் பேச வைப்பதும் உண்டு.

இதைக் கேட்பதால் மற்றொரு விலங்கின் பங்கைப் பறிக்கிறோம் என்று தயங்க வேண்டாம். வயதான நாயைத் தத்தெடுக்க வருபவர்கள் குறைவு என்பதால் அது பல மாதங்கள் கூண்டிலேயே காத்திருக்க நேரும். அத்தனை நாளும் அதற்கு இடமும் உணவும் ஆளும் வேண்டும். பழகிய மனிதர்களைக் காணாமல் அது உண்ணாமல் ஒடுங்கிப்போவதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டிலேயே அதற்கு மருந்து கொடுப்பது பெரும்பாலும் எங்களுக்கும் செலவு குறைந்த வழி.

இந்த எண்ணம் நேற்று வந்ததும் அன்று. லண்டனில் மரியா டிக்கின் என்ற பெண்மணி, வறியவர்களின் விலங்குகளுக்கு இலவச மருத்துவம் அளிக்க 1917-இல் தொடங்கிய பி.டி.எஸ்.ஏ. அமைப்பு இன்றும் அதே பணியைச் செய்துவருகிறது. ஆனால் எல்லாக் காப்பகங்களுக்கும் எல்லா வசதியும் இருக்காது. ஆகவே “நாயை எடுத்துக்கொள்வீர்களா?” என்று தொடங்காமல், தோல் நோய், வீடு மாறுதல் என்று இரண்டு சிக்கல்களையும் தனித்தனியே சொல்லுங்கள். ஒன்றுக்கு அவர்களிடம் வழி இல்லாவிட்டாலும் மற்றொன்றுக்கு இருக்கலாம்.

மறுமொழி 2:
வீடு அமையும் வரை தற்காலிகப் பராமரிப்புக் கேளுங்கள். தன்னார்வலர் ஒருவரின் வீட்டில் நாய் இருக்கும். உரிமை உங்களிடமே இருக்கும். குடும்ப வன்முறையிலிருந்து வெளியேறுவோரின் நாய்களை இப்படிப் பாதுகாக்கவே டாக்ஸ் டிரஸ்ட் அமைப்பு 2004-இல் பிரிட்டனில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நான் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தபோது என் நாயும் இப்படித்தான் பாதுகாக்கப்பட்டது. எந்தத் தேதிக்குள் திரும்பப் பெற வேண்டும், மருத்துவச் செலவு யாருடையது, தேதி தள்ளிப்போனால் என்ன செய்வார்கள் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் கூச்சப்படக் கூடாது. அது படுத்துறங்கும் போர்வையைத் துவைக்காமல் அப்படியே அனுப்புங்கள். பழகிய வாசனை இருந்தால் புது இடத்தில் சீக்கிரம் அடங்கும். இப்போது உண்ணும் உணவையும் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். உணவு திடீரென்று மாறினால் வயிற்றுப்போக்கு வரும்.

மறுமொழி 3 (கால்நடை மருத்துவர்):
நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் வாலுக்கு மேலே முடி கொட்டிப் புண்ணாவது தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையின் வழக்கமான அடையாளம். அதுவாக இருந்தால் மருத்துவம் எளியது. இதற்காக ஒரு நாய் வீட்டை இழக்க வேண்டியதில்லை. நாய்க்கு மட்டும் மருந்திட்டு நிறுத்திவிட்டால் பயனில்லை. முட்டைகளும் கூட்டுப்புழுக்களும் படுக்கையிலும் தரை இடுக்கிலும் இருப்பதால், படுக்கையைச் சுடுநீரில் துவைத்து, மருந்தைக் குறைந்தது மூன்று மாதமாவது தொடர வேண்டும். அதனால் உங்கள் நாயின் போர்வையை, மேலே சொன்னதுபோல் துவைக்காமல் அனுப்ப வேண்டாம். வீட்டில் பூனையும் இருந்தால் நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைமீது இட்டுவிடாதீர்கள். அதற்கு அது நஞ்சு. வலிக்கிறதே என்று மனிதர்களுக்கான மாத்திரைகளை நாய்க்குக் கொடுப்பதும் ஆபத்து.

நாய்க்குக் கருத்தடை ஆகியிருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. ஆகாவிட்டால் அதையும் காப்பகத்தில் கேளுங்கள். இந்த வயதில் கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் உண்டு. அப்போது செய்யும் அவசர அறுவை சிகிச்சைக்குச் செலவு பல மடங்கு ஆகும். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ, உணவை வெறுத்தாலோ அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கருத்தடை ஆகவில்லை. புது வீட்டின் உரிமையாளர் நாய் என்றதுமே தயங்குகிறார். இதில் காப்பகம் ஏதாவது செய்ய முடியுமா?

மறுமொழி 1:
முடியும். தடுப்பூசி விவரத்தோடு, நாயின் குணத்தைப் பற்றியும் கடிதம் எழுதித் தருவோம்; உரிமையாளரிடம் நேரில் பேசுவதும் உண்டு. சில காப்பகங்கள் முன்பணத்தில் ஒரு பகுதிக்கும் உதவுகின்றன. தற்காலிக வீடுகளுக்குக் காத்திருப்போர் எப்போதும் இருப்பதால், வீடு மாறும் தேதி முடிவாகும் வரை பொறுத்திருக்காமல் நாளையே தொலைபேசியில் பேசுங்கள். கருத்தடைக்கும் அப்போதே பெயரைப் பதிந்துவிடுங்கள்.