லீட் கிடார் கத்துக்கும்போது மனசுல ஒட்டிக்கிட்ட ஒரு நேரம்: வடசென்னை ஆளுங்க எழுதுங்க

பெரம்பூர் லோகோ:

ஏ மைனர் பென்டடானிக் (அஞ்சு சுர வரிசை), அஞ்சாம் ஃப்ரெட் (கிடார் கழுத்துல குறுக்கே இருக்கற கம்பி) பாக்ஸ், அதாவது அந்தச் சுரங்கள் அடங்கற விரல் கட்டம். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதனால நேரா விஷயத்துக்கு வரேன்.

கிறிஸ்மஸுக்கு முன்னாடி சர்ச் பிராக்டிஸ். ட்ரம்ஸ் பையன் இன்னும் வரல. சோலோவை நான் தனியா ஓட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். பின் பெஞ்சுல ஒரு ஆங்கிலோ இந்தியன் அங்கிள் உட்கார்ந்திருந்தார். ரயில்வேல ரிட்டயர் ஆனவர், அந்தக் காலத்துல ரிசப்ஷன்ல எல்லாம் லீட் வாசிச்சவர்னு கேள்வி. எழுந்து வந்தவர் ஒண்ணும் பேசாம ஆம்புல கெயினை (சத்தத்தைக் கரகரப்பாக்கற திருகு) ஒரேடியா இறக்கினார். "இப்ப வாசி மேன், உன் சத்தம் உனக்குக் கேக்கட்டும்"னார்.

ஆள்காட்டி விரல், மெல்லிசான முதல் தந்தியோட அஞ்சாம் ஃப்ரெட்ல. சுண்டு விரல் ரெண்டாம் தந்தி எட்டாம் ஃப்ரெட்ல, மோதிர விரல் பின்னாடி முட்டுக்கொடுக்கணும். ரெண்டு தந்தியையும் சேர்த்து அடி, எட்டாம் ஃப்ரெட்ல தந்தியை மேல தள்ளுன்னார். இதான் பென்ட், தள்ளத் தள்ள சுரம் ஏறும். தள்ள ஆரம்பிச்சதும் ரெண்டு சத்தமும் ஒட்டாம வவ்வவ்வவ்னு ஒரே துடிப்பு. இன்னும் தள்ளினேன், துடிப்பு மெதுவாச்சு. வவ்... வவ்... அப்புறம் ஒரு இடத்துல சுத்தமா நின்னுபோச்சு. ரெண்டு தந்தியும் ஒரே குரல்ல பேசுது. "அங்கேயே நில்லு"ன்னார். விரல் நுனி எரியுது, மணிக்கட்டு நடுங்குது, அவர் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கார்.

கணக்கு பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். முதல் தந்தி அஞ்சாம் ஃப்ரெட் ஏ, 440 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 440 அதிர்வு). ரெண்டாம் தந்தி எட்டாம் ஃப்ரெட் ஜி, 392. 436 வரைக்கும் தள்ளினா வித்தியாசம் நாலு, நொடிக்கு நாலு துடிப்பு கேக்கும். 440ஐத் தொட்டா துடிப்பே இல்ல. மூணாம் தந்தி ஏழாம் ஃப்ரெட்டையும் ரெண்டாம் தந்தி அஞ்சாம் ஃப்ரெட்டையும் வெச்சு இதே மாதிரி செய்யலாம், அங்க சேர்ற இடம் இ.

ட்ரம்ஸ் பையன் வந்ததும் அவர் திரும்பிப் போயிட்டார். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. இப்ப எந்த மேடைல யாரோட பென்ட் ஏ வரைக்கும் போகாம ஜி-ஷார்ப் (ஏ-க்கு அரைப்படி கீழ) பக்கத்துல நின்னுபோனாலும் எனக்கு அடுத்த வரி காதுல விழறதில்ல, அந்த மிச்ச தூரம்தான் உறுத்துது.


கொருக்குப்பேட்டை கேட்:

அண்ணா, நீங்க சொன்ன அதே மூணாம் தந்தி ஏழாம் ஃப்ரெட்தான் எனக்கும். ஆனா என் கையில இருந்தது அக்கூஸ்டிக் (கரண்ட் இல்லாத மரக் கிடார்).

கிளாஸ்ல வரிசையா எல்லாரும் பென்ட் பண்ணிக் காட்டணும். பசங்க எலக்ட்ரிக் வெச்சிருந்தாங்க. என் முறை வந்தப்போ தந்தி கொஞ்சம்கூட நகரல. சார் அடுத்த பையனைப் பார்த்துக்கிட்டே, "பொண்ணுங்களுக்கு விரல்ல பலம் வராது, நீ ஸ்ட்ரம்மிங் பண்ணு, போதும்"னு சொல்லிட்டார். (ஸ்ட்ரம்மிங்னா எல்லாத் தந்தியையும் சேர்த்து வாருறது.) திட்டக்கூட இல்ல, சாதாரணமா சொன்னார். அந்தச் சாதாரணம்தான் இன்னும் குடையுது.

அப்புறம் வண்ணாரப்பேட்டைல தோழி வீட்டுல அவ அண்ணனோட எலக்ட்ரிக்கைத் தொட்டேன். அதே தந்தி, அதே ஃப்ரெட். நான் தள்ளின வேகத்துல தந்தி நாலாவது தந்தியை இடிச்சுக்கிட்டு மேல போச்சு! அவங்க அண்ணன்தான் ரெண்டு தந்தி கவரையும் எடுத்துப் பக்கத்துல வெச்சுக் காட்டினாங்க. எலக்ட்ரிக்ல 9 செட்டுன்னா (முதல் தந்தி 0.009 இன்ச்) மூணாம் தந்தி 0.016 இன்ச், வெறும் கம்பி. அக்கூஸ்டிக்ல வர 12 செட்டுல மூணாம் தந்தி 0.024, மேல இன்னொரு கம்பி சுத்தினது. விரல் பலத்தைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி அந்த சார் என் கிடாரை ஒரு தடவை கையில வாங்கிப் பார்த்திருக்கலாம்.


காசிமேடு கரை:

எங்க தெருவுல ஒரு பெரியவர் தவறிட்டார். பதினாறாம் நாள் ராத்திரி கானா வெச்சிருந்தாங்க. கீபோர்டு ஆள் வரலன்னு என்னை இட்டுனு போனாங்க. தபேலா, டோலக், நானு.

பாடற அண்ணாத்த ஒவ்வொரு வரியையும் முடிக்கும்போது குரலை மேலேர்ந்து அப்படியே இறக்கி வுடுவாரு. நடுவுல எந்த சுரத்துலயும் நிக்க மாட்டாரு. நான் பாக்ஸ்ல இருந்து டக்கு டக்குன்னு பதில் வாசிச்சுக்கினு இருந்தேன். நாலஞ்சு வரி போச்சு. அப்புறம் அவரு கையைத் தூக்கி டோலக்கை நிறுத்திட்டு என் பக்கம் திரும்பினாரு. வார்த்தையே இல்லாம, அந்த இறக்கத்தை மட்டும் பாடினாரு. என் மூஞ்சியைப் பாக்கல, என் இடது கையைத்தான் பாத்தாரு. மறுபடியும் பாடினாரு. பந்தல்ல இருந்த அத்தினி பேரும் என் கையைத்தான் பாக்கறாங்க.

ஒரே விரலை மூணாம் தந்தி ஒன்பதாம் ஃப்ரெட்ல வெச்சு, ஒரே தடவை அடிச்சு, அழுத்தத்தை வுடாம அஞ்சு வரைக்கும் இழுத்துக்கினே வந்தேன். அவ்ளோதான். புருவத்தைத் தூக்கினாரு, டோலக் ஆரம்பிச்சுது, அடுத்த வரிக்குப் போயிட்டாரு. விடியற வரைக்கும் அந்த ஒரு இழுப்பை வெச்சுக்கினே அவரு கூட போனேன்.

பி.பி. கிங் (அமெரிக்க ப்ளூஸ் கிடார்காரரு) கதை படிச்சப்ப இதான் ஞாபகம் வந்துச்சு. அவரு சொந்தக்காரரு புக்கா வைட் ஸ்லைடு (தந்தி மேல வழுக்கற குழாய்) போட்டு வாசிப்பாரு. கிங்குக்கு ஸ்லைடு கைக்கு வரல. அந்த சத்தத்தை வெறும் விரல்லயே கொண்டாரப் பாத்துத்தான் அவரோட வைப்ரேட்டோ (சுரத்தை நடுங்க வெக்கறது) உருவாச்சு. அவருக்குப் புக்கா வைட்டு, எனக்கு அந்த கானா அண்ணாத்த.


ஓட்டேரி ஆறுதந்தி:

என் அனுபவம் சின்னது. ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல சோலோ நடுவுல ரெண்டாம் தந்தி அறுந்துது. மிச்ச சோலோவை மூணாம் தந்திலயே முடிச்சேன், கைதட்டல் வந்துது.

லோகோ ப்ரோ, அந்த அங்கிள் மேல மரியாதை உண்டு, ஆனா கெயினைக் குறைச்சதை நான் ஒத்துக்க மாட்டேன். டிஸ்டார்ஷன்ல (கெயின் ஏத்தின கரகரப்புல) ரெண்டு தந்தியைச் சேர்த்து வாசிச்சா அந்தத் துடிப்பு இன்னும் பலமா கேக்கும். அதைவிட முக்கியம் மியூட்டிங் (வாசிக்காத தந்தியைச் சத்தம் வராம அடக்கறது). க்ளீன்ல (கெயின் இல்லாம) வாசிக்கறவனுக்குத் தொடாத தந்தி பாடறது தெரியாது, கெயின் ஏத்தினா அத்தனையும் வெளிய வரும். அதனால புதுசா கத்துக்கறவங்க எல்லாருக்கும் சொல்றேன்: வாசிக்கற தந்திக்குக் கீழ இருக்கற மெல்லிசுத் தந்திகளை ஆள்காட்டி விரலோட அடிப்பாகம் லேசாத் தொட்டுக்கிட்டு இருக்கணும். மேல இருக்கற தடித்தந்திகளை வலது உள்ளங்கை ஓரம் பார்த்துக்கும். பென்ட்ல விரலை மட்டும் வளைக்காதீங்க. கட்டைவிரலைக் கிடார் கழுத்துக்கு மேல போட்டு, சாவி திருப்பற மாதிரி மணிக்கட்டைத் திருப்புங்க. வைப்ரேட்டோவும் அதே அசைவுதான், சின்னதா, தாளத்தோட. ஹாம்மர்-ஆன்ல (விரலைத் தந்தி மேல தட்டியே சுரம் எழுப்பறது) விரல் ஃப்ரெட் கம்பியை ஒட்டி விழணும். புல்-ஆஃப்ல (விரலை எடுத்தே சுரம் எழுப்பறது) விரலைச் சும்மா தூக்கக் கூடாது, தந்தியைக் கொஞ்சம் கீழ்ப்பக்கமா சுண்டிவிட்டு எடுக்கணும். மெட்ரோனோம் (தாளம் தட்டற கருவி) நிமிஷத்துக்கு 60 தட்டுல வெச்சு ஒரு தட்டுக்கு ரெண்டு நோட், மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு பிக் (தந்தியை அடிக்கற வில்லை) மாறி மாறிப் போகணும். ஃபோன்ல பதிவு பண்ணி அன்னிக்கே கேளுங்க. அப்புறம் கொருக்குப்பேட்டை சிஸ்டர், தடித்தந்தியிலயே பழகறதும் நல்லதுதான், கைக்கு பலம் சேரும்.


பெரம்பூர் லோகோ:

ப்ரோ, மியூட்டிங் விஷயத்துல நீங்க சொல்றது சரி. ஆனா தனித்தந்தி பென்ட்ல டிஸ்டார்ஷன் சத்தத்தை நீட்டிக் கொடுத்துடும், சாவகாசமா ஊர்ந்து ஊர்ந்து மேல போய்ச் சேரலாம். க்ளீன்ல சத்தம் சீக்கிரம் செத்துடும், அதுக்குள்ள சரியான இடத்துக்குப் போயே ஆகணும். அங்கிள் இறக்கினது அதுக்காகத்தான்னு நான் நம்பறேன்.


காசிமேடு கரை:

அறுந்த தந்தி பத்தி சொன்னீங்களே, எங்க பக்கம் உப்புக்காத்துல தந்தி சீக்கிரமே துரு புடிச்சுடும். துரு ஏறின தந்தில விரலை இழுத்துக்கினு போனா கரகரன்னு மாட்டும், பென்ட்ல பட்டுன்னு போவும். வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால ஒவ்வொரு தந்தியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் தொடைச்சு, உறைக்குள்ள வெச்சு ஜிப்பைப் போட்டுடுவேன். ராயபுரம், எண்ணூர் ஆளுங்களுக்கும் இதே கதைதான் இருக்கும்.


கொருக்குப்பேட்டை கேட்:

ஓட்டேரி அண்ணா, தடித்தந்திலயே பழகுன்னு சொல்றதும் அந்த சார் சொன்னதும் ஒரே இடத்துக்குத்தான் வருது. பலம் இருந்தாத்தான் லீட் வாசிக்கலாம்னு ஆயிடுது. லோகோ அண்ணா சொன்ன அந்தத் துடிப்பு நிக்கற இடத்தை ஒரு தடவையாவது காதால கேட்டவங்களுக்குத்தான் மறுபடி அங்க போகணும்னு தோணும். தந்தி நகரவே நகராத கிடாரை வெச்சுக்கிட்டு அந்த இடத்தை எப்படிக் கேக்கறது? எங்க மாடில ஒரு சின்னப் பொண்ணு இப்ப என்கிட்ட கத்துக்கறா. அவளுக்குப் பழைய எலக்ட்ரிக் ஒண்ணு வாங்கி 9 செட் மாட்டிக் கொடுத்திருக்கோம். முதல் பாடமே ரெண்டாம் தந்தி எட்டாம் ஃப்ரெட்தான்.