அப்பா அம்மாவோட 30-வது கல்யாண நாளுக்கு ஐரோப்பா டிரிப், கடைசி வரைக்கும் சொல்லாம வைக்க முடியுமா?

ஜெலுத்தோங்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க பினாங்கு, ஜெலுத்தோங். செப்டம்பர் கடைசியில அப்பா அம்மாவுக்கு 30-வது கல்யாண நாள் வருது. பிள்ளைங்க நாங்க மூணு பேரு, அண்ணன் கேஎல்ல (கோலாலம்பூர்), நானும் தம்பியும் இங்க, மூணு பேரும் சேர்ந்து 20 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கி வச்சிருக்கோம், அதுக்கு மேல ஒரு காசு கூட்ட முடியாது. அவங்க ரெண்டு பேரையும் மட்டும் ஐரோப்பாவுக்கு அனுப்பணும்னு ஆசை. அப்பா லாரி ஓட்டித்தான் எங்களை ஆளாக்கினாரு, இந்தியாவுக்கு ஒரு கோயில் டிரிப் போனதோட சரி, வேற எந்த ஊரும் பார்த்ததில்ல. அம்மாவுக்கு பனிமலைன்னா உயிரு, டிவில சுவிஸ்ல எடுத்த பாட்டு ஏதாச்சும் ஓடுச்சுன்னா அடுப்புல இருக்கிறத அப்படியே விட்டுட்டு கரண்டியோட வந்து நின்னு பார்ப்பாங்க.

நான் யோசிச்சது இதுதான்: பாரிஸ், சுவிஸ், ரோம், ஆம்ஸ்டர்டாம், மொத்தம் 10 நாள். அண்ணன் வீட்டுக்குப் போறோம்னு சொல்லி கேஎல் கூட்டிட்டுப் போயி, கேஎல்ஐஏ ஏர்போர்ட்ல வச்சு டிக்கெட்டை கையில குடுக்கணும். பெட்டிய நானே ரகசியமா கட்டிடுவேன்.

அப்பாவுக்கு சுகர் இருக்கு, மாத்திரை எடுக்குறாரு. அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் நடக்க முடியாது. ரெண்டு பேரும் மாட்டிறைச்சி தொட மாட்டாங்க. அப்பா பாஸ்போர்ட் 2028 வரைக்கும் இருக்கு, அம்மாவோடது வர்ற ஜனவரியில முடியுது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, இந்தக் காசுல முடியுமா?

செந்தூல்காரன்:

முடியும் தங்கச்சி, ஆனா முதல்ல அம்மா பாஸ்போர்ட்டைப் பாருங்க. நம்ம மலேசியா பாஸ்போர்ட்டுக்கு செங்கன் நாடுகளுக்கு (ஐரோப்பாவுல ஒரே எல்லையா சேர்ந்திருக்கிற நாடுங்க) விசா வேண்டியதில்ல, 180 நாள்ல 90 நாள் இருக்கலாம். சட்டப்படி அங்கிருந்து கிளம்புற தேதிக்கு அப்புறம் மூணு மாசமாவது பாஸ்போர்ட் உயிரோட இருக்கணும். செப்டம்பர் கடைசியில போயிட்டு அக்டோபர் முதல் வாரம் திரும்புறாங்கன்னா ஜனவரி வரைக்கும்ங்கிறது கயித்து மேல நடக்கிற மாதிரி, ஏர்லைன் கவுண்டர்ல ஆறு மாசம் இருக்கான்னு பார்த்துட்டு நிறுத்தி வச்சாங்கன்னா அவ்வளவுதான், அதனால புதுசு எடுத்துடுங்க. 200 வெள்ளி, 60 வயசு தாண்டிட்டாங்கன்னா 100 வெள்ளி. ஒன்லைன்ல மனு போட்டாலும் வாங்குறதுக்கு அவங்களே இமிகிரேசன் ஆபீஸ் வந்தாகணும், விரல் ரேகை பார்ப்பாங்க, நீங்க போயி வாங்க முடியாது. அப்ப அம்மாவுக்கு ஏதோ ஒண்ணு நடக்குதுன்னு தெரிஞ்சிடும்ல?

இன்னொண்ணு, 2025 அக்டோபர் 12-ல இருந்து செங்கன் எல்லையில ஈஈஎஸ்னு புது முறை கொண்டு வந்தாங்க, பாஸ்போர்ட்ல முத்திரை குத்துறதுக்குப் பதிலா முகத்தை போட்டோ எடுத்து விரல் ரேகையும் எடுக்குறாங்க, முதல் தடவை போறவங்களுக்கு கொஞ்சம் நேரம் இழுக்கும். அங்க ஆபீசர் எத்தனை நாள், எங்க தங்குறீங்க, திரும்புற டிக்கெட் எங்கன்னு கேட்கலாம். ஊரு பேரே தெரியாம ஒரு அம்மா போயி நின்னா என்ன பதில் சொல்வாங்க, யோசிங்க. எதியாஸ்னு ஒரு முன் அனுமதியும் வரப்போகுது, 20 யூரோ, 2026 கடைசின்னு அறிவிச்சிருக்காங்க, டிக்கெட் தேதிக்கு முன்னாடி ஐரோப்பிய யூனியனோட அரசு வெப்சைட்டுல மட்டும் பாருங்க. பாரம் போட்டுத் தர்றேன்னு கூடுதலா காசு புடுங்குற சைட்டு நிறைய இருக்கு.

ஆயர்_ஈத்தாம்_அக்கா:

கண்ணு, உன் மனசு புரியுது, படிக்கும்போதே கண்ணு கலங்கிடுச்சு. ஆனா ஏர்போர்ட்ல போயி சொல்றது வேணாம்மா. பெரியவங்களுக்கு அது சந்தோசத்தை விட பதட்டமாத்தான் இருக்கும். அப்பாவுக்கு மாத்திரை கிளினிக் கெசிஹாத்தான்லயா (அரசாங்க கிளினிக்) எடுக்குறீங்க? அப்படின்னா பயண தேதிய முன்கூட்டியே சொல்லி போதுமான மருந்தும் டாக்டர் லெட்டரும் கேட்டு வாங்கணும், அதுக்கு அப்பாவே போனாத்தான் சரி. மாத்திரை எல்லாம் கைப்பையில, அதோட கவர்லயே இருக்கட்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது சுகர் இருக்குன்னு மறைக்காம போடுங்க, ஏற்கனவே இருக்கிற நோய்க்கு கவர் உண்டான்னு கேட்டு எழுத்துல வாங்குங்க. விசா இல்லாததால இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லதான், ஆனா அங்க ஒரு நாள் ஆஸ்பத்திரியில படுத்தா உங்க 20 ஆயிரமும் போயிடும்.

அம்மா செருப்பு விசயமும் இருக்கு. ஐரோப்பா பழைய ஊரு எல்லாம் கருங்கல் பாவின ரோடு, முட்டி வலிக்காரங்களுக்கு நல்ல ஷூ வேணும், அதையும் ஒரு மாசம் முன்னாடியே வாங்கி தினமும் காலையில போட்டு நடந்து பழகணும். அவங்க காலுக்கு நீ ரகசியமா எப்படி ஷூ வாங்குவ?

அதனால சர்ப்ரைஸை இப்படி வச்சுக்கோ. பயணத்துக்கு ஒரு ஆறு வாரம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, அண்ணனையும் வரச்சொல்லி வீட்ல வாழையிலை போட்டு சாப்பாடு. அதுக்கு முன்னாடி கல்யாண பத்திரிகை அடிக்கிற கடையில ஒரே ஒரு பத்திரிகை அடிச்சுடு, உண்மையான பத்திரிகை மாதிரியே பிள்ளையார் படம், மஞ்சள் தடவின மூலை, உள்ள மணமகன் மணமகள் இடத்துல அப்பா அம்மா பேரு, முகூர்த்தம்னு போட்டிருக்கிற இடத்துல விமானம் கிளம்புற நாளும் நேரமும், இடம்னு இருக்கிற இடத்துல ஊரு பேரு, கீழ தங்கள் நல்வரவை விரும்பும்னு உங்க மூணு பேரு பேரு. தாம்பாளத்துல வெத்திலை பாக்கோட வச்சு அப்பா கையில குடு. அவரு பத்திரிகைய படிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் வாய தொறக்காதீங்க. அதுக்கு அப்புறம் ஆறு வாரம் சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டு சொல்லிச் சொல்லி அவங்க சந்தோசப்படுவாங்க பாரு, ஏர்போர்ட்ல சொன்னா அந்த ஆறு வாரமும் அவங்களுக்குக் கிடைக்காது.

ஜெலுத்தோங்_பொண்ணு:

அக்கா, பத்திரிகை ஐடியா!! அண்ணனுக்கு உடனே அனுப்பிட்டேன், அவனும் சரின்னுட்டான். ஏர்போர்ட் பிளானை விட்டுட்டோம். இப்ப ரூட்டு தான் பாக்கி.

தண்டவாளம்:

ரூட்டு நான் சொல்றேன், ரயில்ல சுத்துறது தான் என் பொழுதுபோக்கு.

நீங்க போட்ட நாலு ஊரும் 10 நாள்ல ஓடினா பாதி நேரம் ரயில்லயும் ஏர்போர்ட்லயும் போயிடும், அம்மா முட்டி தாங்காது, காசும் தாங்காது. அதுல மூணு ஊரு ஐரோப்பாவுலயே விலை கூடின ஊரு. சுவிஸ்ல யுங்ஃபிராவ்யோக் பனிமலைக்கு இண்டர்லாக்கன்ல இருந்து போய்வர முழு டிக்கெட் ஒரு ஆளுக்கு 200 ஃபிராங்குக்கு மேல, ரெண்டு பேருக்குன்னா அந்த ஒரு நாள்லயே ரெண்டாயிரம் வெள்ளி காலி.

அம்மாவுக்கு வேணும்கிறது பனிமலை. அது ஆஸ்திரியாவுலயும் இருக்கு. நான் போடுற ரூட்டு: செக் நாட்டுல பிராக் மூணு ராத்திரி, ஆஸ்திரியாவுல வியன்னா மூணு ராத்திரி, செல் அம் சே ரெண்டு ராத்திரி, கடைசி ராத்திரி ஜெர்மனியில மியூனிக், அங்கிருந்து வீடு. டிக்கெட் எடுக்கும்போது மல்டி சிட்டின்னு போட்டு பிராக்ல இறங்கி மியூனிக்ல ஏறுற மாதிரி எடுங்க, எமிரேட்ஸ், கத்தார், டர்கிஷ் மூணுமே ரெண்டு ஊருக்கும் போகுது, அதனால ஒரே ஏர்லைன்ல முடியும், சுத்தி பழைய ஊருக்கே திரும்பி வர்ற செலவு மிச்சம். துபாய், டோஹா, இஸ்தான்புல் வழியா போனா இமிகிரேசன் பிராக்லயே நடக்கும், அடுத்த ஃபிளைட்டைப் பிடிக்கணும்னு வரிசையில நின்னு தவிக்க வேணாம். அம்மாவுக்கு புக் பண்ணும்போதே வீல்சேர் உதவின்னு கேட்டுடுங்க, அதுக்குக் காசு கிடையாது, அந்த ஏர்போர்ட் எல்லாம் நடந்தே கால் போயிடும்.

பினாங்குல இருந்து சிங்கப்பூர் வழியா ஸ்கூட்னு மலிவு ஏர்லைனும் பார்க்கலாம், 2025-ல வியன்னாவுக்கு ஓட ஆரம்பிச்சாங்க. ஆனா சாப்பாடு, பெட்டி எல்லாம் தனிக்காசு, எல்லாத்தையும் கூட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. எனக்குக் கேட்டா பெரியவங்களுக்கு முதல் தடவைக்கு வேணாம்.

பிராக்ல இருந்து வியன்னா ரயில்ல சுமார் நாலு மணி நேரம். ஆஸ்திரியா ரயில்வே ஓபிபி வெப்சைட்டுல ஷ்பார்ஷீனன்னு சலுகை டிக்கெட் இருக்கும், முன்கூட்டி எடுத்தா விலை பாதிக்கும் கீழ வரும், ஆனா அந்த ரயில்ல மட்டும்தான் செல்லும், பணம் திரும்பாது. சீட் நம்பர் தனியா கொஞ்சம் யூரோ கட்டி போட்டுடுங்க, இல்லன்னா பெட்டியோட சீட் தேடி அலையணும்.

இப்ப முக்கியமான விசயம், பனிமலை. செல் அம் சே ஏரிக்கரை ஊரு, சால்ஸ்பர்க்ல இருந்து ரயில்ல ஒண்ணரை மணி நேரம் சொச்சம். பக்கத்துலயே காப்ருன், அங்கிருந்து கிட்ஸ்டைன்ஹார்ன் மலைக்கு கேபிள் கார், மேல 3,029 மீட்டர்ல நின்னு பார்க்கிற மேடை வரைக்கும் ஏறிப் போயிடலாம், மலை ஏற வேண்டியதில்ல. அது பனிப்பாறை மலை, வெயில் காலத்துலயே மேல பனி கிடக்கும். அந்த ஊருல கார்டு திட்டத்துல சேர்ந்திருக்கிற ஹோட்டல்ல தங்கினா மே மாசம் நடுவுல இருந்து அக்டோபர் கடைசி வரைக்கும் சம்மர் கார்டு ஒண்ணு ரூமோட சேர்த்துக் குடுப்பாங்க, கேபிள் கார் அதுலயே அடங்கும். ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி ஹோட்டலுக்கு ஒரு மெயில் போட்டு உங்க தேதிக்கு கார்டு உண்டா, அன்னிக்கு கேபிள் கார் ஓடுதான்னு ரெண்டையும் கேட்டுடுங்க. ரெண்டு நாள் தங்கச் சொன்னதே ஒரு நாள் மேகம் மூடினாலும் அடுத்த நாள் இருக்கணும்னுதான். சுகர், பிரசர் இருக்கிறவங்க அந்த உயரத்துக்குப் போகலாமான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, மேல போனா மெதுவா நடக்கச் சொல்லுங்க.

மத்த இடத்துல காசே செலவாகாது. பிராக்ல 1357-ல கட்ட ஆரம்பிச்ச சார்ல்ஸ் பாலம், 1410-ல வச்ச பெரிய கடிகாரம், மணிக்கு ஒரு தடவை பொம்மைங்க வரும், எல்லாம் இலவசம். வியன்னாவுல ஷோன்புருன் அரண்மனைக்கு உள்ள போகத்தான் டிக்கெட், தோட்டம் சும்மா. டிராமுக்கு நாள் கணக்குல டிக்கெட் இருக்கு, அதை எடுத்துட்டா அம்மா நடக்கவே வேணாம். பேப்பர் டிக்கெட்னா முதல் தடவை ஏறும்போது மெஷின்ல குத்தணும், குத்தாம பிடிபட்டா ஃபைன். வியன்னா குழாய்த் தண்ணி ஆல்ப்ஸ் மலை ஊத்துத் தண்ணி, 1873-ல இருந்து வருது, பாட்டில் வாங்கவே வேணாம்.

செக் நாட்டுல யூரோ இல்ல, கொருனா. ரோட்டோர மணி சேஞ்சர் பக்கம் போகாதீங்க, கார்டுல தட்டுங்க, மெஷின் ரிங்கிட்ல கழிக்கவான்னு கேட்டா வேணாம்னு சொல்லி அந்த ஊரு காசுலயே போடுங்க.

கணக்கு நான் போட்டது: டிக்கெட் எட்டாயிரம், ரூம் நாலாயிரம், ரயில் டிராம் ஆயிரத்து ஐநூறு, சாப்பாடு மூவாயிரம், இன்சூரன்ஸ் ஐநூறு. மூவாயிரம் கையில அவசரத்துக்கு இருக்கட்டும். டிக்கெட் விலை தினமும் மாறும், மேட்டா ஃபேர்னு நடக்கிற சுற்றுலா கண்காட்சி சமயத்துலயும் ஒரு கண்ணு வையுங்க.

பூச்சோங்_மாமா:

எல்லாம் சரி, ஆனா இங்கிலீஷ் சரளமா பேச வராத பெரியவங்க ரெண்டு பேரை தனியா ரயில் மாறி மாறி அனுப்புறதுக்கு மனசு வருமா? டூர் குரூப்ல போட்டுடுங்க. மோடாக் (சுற்றுலா அமைச்சு) லைசென்ஸ் இருக்கிற ஏஜெண்ட்டா பார்த்து, டிப்ஸ், நுழைவு டிக்கெட், ராத்திரி சாப்பாடு எல்லாம் விலையில அடங்குதான்னு கேட்டு வாங்குங்க.

தண்டவாளம்:

மாமா சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா குரூப்ல காலையில ஆறு மணிக்கு பெட்டிய வெளிய வச்சுட்டு தினம் ஒரு ஊரு பஸ்ல போகணும், முட்டி வலிக்காரங்க மத்தவங்களுக்காக ஓடணும். தங்கச்சி அப்பா மலேசியா முழுக்க லாரி ஓட்டினவரு, போர்டு பார்த்து வழி கண்டுபிடிக்கிற ஆளு, ரூட்டை பெரிய எழுத்துல பேப்பர்ல அடிச்சு குடுத்தா போதும். ஜெர்மனி எல்லையில இப்ப போலீஸ் ரயில்ல ஏறி பாஸ்போர்ட் பார்க்கிறாங்க, அதனால மியூனிக் போறப்ப பாஸ்போர்ட்டை பெட்டிக்குள்ள பூட்டாம கையிலயே வச்சிருக்கச் சொல்லுங்க.

ஜெலுத்தோங்_பொண்ணு:

அப்பாவுக்கு பாஷை பயம் இல்ல மாமா, தாய்லாந்து பார்டர் வரைக்கும் லோடு கொண்டு போனவரு, கையைக் காலை ஆட்டியே பேசிடுவாரு 😊 ரயிலே போட்டுடலாம்னு முடிவு. ஒரு டவுட், டிக்கெட்டுல பேரு எப்படிப் போடுறது? பாஸ்போர்ட்ல ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) எல்லாம் இருக்கே, குடும்பப் பேருன்னு ஒரு கட்டம் கேட்குது. அப்புறம் சாப்பாடு!

செந்தூல்காரன்:

அந்த சாய்வுக்கோடு சிஸ்டம்ல ஏறாது. பெரும்பாலும் அவங்க பேரை முதல் பேருலயும் தகப்பனார் பேரை குடும்பப் பேருலயும் போடுவாங்க, ஆனா ஏ/எல், ஏ/பி எழுத்தை சேர்க்கணுமா விடணுமாங்கிறதுல ஒவ்வொரு ஏர்லைனும் ஒரு மாதிரி. காசு கட்டுறதுக்கு முன்னாடி அந்த ஏர்லைனுக்கு போன் போட்டு கேளுங்க. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே முறையில போடுங்க, இன்சூரன்ஸ்லயும் அதே எழுத்து.

ஆயர்_ஈத்தாம்_அக்கா:

சாப்பாட்டுக்கு கிச்சன் இருக்கிற ரூமா பாரும்மா, அப்படியே லிஃப்ட் இருக்கான்னும் பாரு, அங்க பழைய கட்டடத்துல நாலு மாடி படி ஏற விட்டுடுவாங்க. கரண்ட்டு நம்மள மாதிரியே 230 வோல்ட், சின்ன ரைஸ் குக்கர் வேலை செய்யும், ரெண்டு உருண்டை முள்ளு இருக்கிற அடாப்டர் மட்டும் வாங்கிக்கோ. அரிசி, காய்கறி எல்லாம் அங்க சூப்பர்மார்க்கெட்லயே கிடைக்கும், ஆஸ்திரியா, ஜெர்மனியில ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைக்கச் சொல்லு. மசாலாத்தூள், பருப்புப்பொடி கொண்டு போகலாம். இறைச்சி, பால், நெய் சேர்ந்தது எதையும் பெட்டியில வைக்காத, வெளிநாட்டுல இருந்து அதைக் கொண்டு வரக்கூடாதுன்னு அங்க சட்டம். மாட்டிறைச்சிக்கு ஜெர்மன் பாஷையில ரிண்ட்னு (Rind) பேரு, மெனுவுல அந்த நாலு எழுத்து எங்க இருந்தாலும் விட்டுடச் சொல்லி அப்பா போன்ல எழுதிக் குடுத்துடு. பத்திரிகை அடிச்சதும் இங்க ஒரு போட்டோ போடும்மா.