புதுப்பிப்பு: 9 சட்டையோடு ஆறு மாதம்
தை மாதம் எழுதியிருந்தேன், நொய்யல் ஆற்றில் திருப்பூர்ச் சாயக்கழிவு ஓடியதைப் பார்த்து வளர்ந்தவன், இனி ஆடி வரை புதுத்துணி எடுப்பதில்லை என்று. எடுக்கவில்லை. 38 சட்டையில் 9தான் நிஜமாகவே போடுகிறேன், மற்றதில் நல்லதையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று. காலர் நைந்துபோன நீலச் சட்டையைத் தெருமுனை டெய்லரிடம் கொடுத்தேன், காலரைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துக் கொடுத்தார், புதுசு மாதிரி விறைப்பாக நிற்கிறது, கூலி 60 ரூபாய்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது உண்மைதான், ஆனால் நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே அந்தக் கழிவால் நிலம் கெட்டுப்போனவர்களுக்கு அது ரொம்பத் தாமதம்.

அப்புறம், கைத்தறி கட்டுப்படியாகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வருடத்துக்கு இரண்டே உருப்படி எடுத்தால் ஆகும். தீபாவளித் தள்ளுபடியில் கோ-ஆப்டெக்ஸில் ஒரு வேட்டியும் ஒரு சட்டைத் துணியும் எடுக்கப்போகிறேன்.