மழைக்கு முன் முகாம் தொண்டர் குழு அமைப்பது குறித்து

வெளிநாடுகளில் வாழும் நம்மூர்ச் சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் இரண்டு மாதமே இருக்கும் நிலையில், துணிமணியும் உணவுப் பொருளும் சேர்த்து வைப்பது என்று சென்ற கூட்டத்தில் எடுத்த முடிவை மறுபடி எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். புயல், வெள்ளக் காலத்து நிவாரண முகாமில் பொருளைவிட ஆள்தான் குறைகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நான்காம் நாள் நான் ஊர் வந்து சேர்ந்தபோது, பள்ளிக்கூட முகாமின் தாழ்வாரம் முழுக்கப் பழைய துணி மூட்டைகள் கிடந்தன. குடிக்கத் தண்ணீர் இல்லை. மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டதால் மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்ற வழியில்லை. வாடகை ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிவந்து, ஊர் ஊராகத் தொட்டிகளை நிரப்பிக் கொடுத்த வெளியூர்ப் பிள்ளைகளால்தான் அன்று அடுப்பு எரிந்தது. நிவாரண வண்டிகளோ பெரும்பாலும் தார்ச்சாலையிலேயே காலியாகிவிட்டன. உள்ளே இருந்த காலனித் தெருவுக்கு மூன்று நாள் எதுவும் போகவில்லை என்பதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இது 2004 ஆழிப்பேரலையின்போதே தெரிந்த பாடம்தான். அப்போதும் நாகைத் தெருக்களில் உடுத்திக் கழித்த துணிகள் குவிந்தன. மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. எந்தக் கிராமத்துக்கு யார் எதைத் தருவது என்று எழுதி வைத்துப் பங்கிட, தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையம் ஒன்று அமைந்த பிறகே ஓர் ஒழுங்கு வந்தது.

ஆகவே, ஊரில் இருக்கும் பத்துப் பேரை, அவர்களில் பாதியாவது பெண்களாக இருக்கும்படி, இப்போதே அமர்த்திக்கொள்வோம். அரசின் முதல்நிலை மீட்பாளர் (பேரிடரின்போது முதலில் உதவ முன்வரும் உள்ளூர்த் தொண்டர்) பட்டியலில் நம்மூரார் யார் யார் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, அவர்களிடமிருந்தே தொடங்கலாம். கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள், படுக்கையில் கிடப்போர், இன்சுலின் போடுவோர் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது ஒரு நோட்டில் இருக்க வேண்டும். ரேஷன் அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். கஜாவுக்குப் பிறகு எங்கள் சித்தப்பா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, காகிதங்களைப் பறிகொடுத்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார்; நாங்கள் அனுப்பிய எல்லாவற்றையும்விட அதுவே உதவியது. முகாம் மூடி, ஓடில்லாத வீட்டுக்குத் திரும்பிய பின்தான் உண்மையான துன்பம் தொடங்குகிறது. தார்ப்பாய் கட்டவும், விழுந்த தென்னையை அறுத்து அகற்றவும், சேதக் கணக்கெடுப்புக்கு வருவோருடன் நடந்து விடுபட்ட வீடுகளைக் காட்டவும் அப்போதுதான் ஆள் வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளோர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதை வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் வெளிநாட்டு நன்கொடையாகக் கொள்வதில்லை. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்ற நம்மவர்களின் தொகையோ, அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறாத நம் சங்கக் கணக்கில் ஏறக் கூடாது.

தொண்டர்களாகத் தகுந்தவர் என்று நீங்கள் கருதுவோரின் பெயர்களை, அவர்களிடம் சம்மதம் கேட்ட பிறகு, ஆவணி முடிவதற்குள் செயலாளருக்கு எழுதுங்கள்.