கல்லூரிக் கலைக்குழுவில் இருந்தவர்களே, இன்னும் மனதை விட்டுப் போகாத நாள் எது?

அடிக்குச்சி:
இரண்டாம் ஆண்டில் எங்கள் கல்லூரியில் பறைப் பயிற்சி தொடங்கினார்கள். சனிக்கிழமை மதியம், ஆடிட்டோரியத்துக்குப் பின்னால். வெளியூரிலிருந்து ஓர் ஆசான் வருவார். என் தாத்தா ஊரில் சாவுக்கும் சாமிக்கும் பறை அடித்தவர் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஹாஸ்டலில் கேட்டால் 'விவசாயக் குடும்பம்' என்று முடித்துவிடுவேன்.

பயிற்சியில் ஒன்றும் தெரியாதவன் போலவே நின்றேன். வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் சிண்டுக்குச்சி என்று ஆசான் காட்டினால் வேண்டுமென்றே மாற்றிப் பிடிப்பேன். மூன்று வாரம் இப்படியே போனது. நான்காவது வாரம் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினோம். இப்போது பலர் வைத்திருக்கும் ஃபைபர் பறைக்குத் தீ வேண்டாம், எங்களுடையது மாட்டுத்தோல். தோல் இறுகி அந்தச் சத்தம் எழுந்ததும் என் கை தானாக ஓடிவிட்டது. எங்கள் ஊரில் பிணம் தூக்கும்போது அடிக்கும் அடி. நாலு சுற்று அடித்த பிறகுதான் மற்ற எல்லாரும் நிறுத்திவிட்டது தெரிந்தது.

ஆசான் பக்கத்தில் வந்தார். "யாருப்பா உனக்குக் கத்துக்கொடுத்தது?"

"யூடியூப் பாத்துக் கத்துக்கிட்டேன் ஐயா."

என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறெதுவும் கேட்கவில்லை. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் பழைய குழுவில் எல்லாரும் வாழ்த்துப் போட்டார்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. 'யூடியூப்' என்று சொன்ன அந்த நொடிதான் திரும்பத் திரும்ப வந்தது.

முகாம்வாசி:
என்னுடையது என்.எஸ்.எஸ். ஏழு நாள் முகாம். ஐந்தாம் நாள் மாலை, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வீதி நாடகம். குடிதான் கதை, நான் குடிகாரக் கணவன். மனைவியாக நடித்த தோழியை அடிக்கக் கையை ஓங்கினேன். முன்னால் உட்கார்ந்திருந்த ஆறேழு வயதுப் பையன் எழுந்து ஓடிவந்து என் லுங்கியைப் பிடித்துக்கொண்டான். "அம்மாவ அடிக்காதப்பா" என்றான்.

நாடகத்தில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. ஓரத்தில் நின்ற ஒரு பெண் மட்டும் தட்டவில்லை. வேகமாக வந்து பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அடுத்த வசனம் வரவில்லை.

முகாம் அறிக்கையில் 'மக்களிடையே நல்ல வரவேற்பு' என்று எழுதியதும் நான்தான். பி.காம். முடித்து வங்கித் தேர்வுக்குப் படிப்பதாக இருந்தவன் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணிப் படிப்பு) சேர்ந்ததற்கு அந்தப் பையன்தான் காரணம். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

எழுபத்தொன்று:
இரண்டு பேர் எழுதியதும் மனதைத் தொட்டது. ஆனால் கலை என்றாலே நல்லதுதான் என்பது போல இந்தப் பேச்சு போவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஐந்தாவது செமஸ்டரில் மைம் (பேசாமல் நடிக்கும் நாடகம்) குழுவோடு கல்லூரி கல்லூரியாகச் சுற்றினேன். வருகைப்பதிவு 71 சதவீதம், வேண்டியது 75. தேர்வு எழுத முடியாதவர்கள் பட்டியலில் என் பெயரை நோட்டீஸ் போர்டில் முதலில் பார்த்தது என் அப்பா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். ஓ.டி. கடிதத்தை (கல்லூரிக்காக வெளியே போன நாளையும் வருகையாகக் கணக்கில் எடுக்கக் கேட்கும் 'ஆன் டியூட்டி' கடிதம்) போட்டிக்குப் போகும் முன்பே கையெழுத்து வாங்குங்கள், வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஒரு நகலைப் போனில் படம் எடுத்து வையுங்கள். வாய்மொழியாக 'பாத்துக்கலாம்' என்று யார் சொன்னாலும் அதை நம்பி இருக்காதீர்கள். மாதம் ஒருமுறை சதவீதத்தை நீங்களே கணக்குப் போடுங்கள். லேப் இருக்கும் நாளில் ஒத்திகை வேண்டாம், விட்ட பரிசோதனையைத் திரும்பச் செய்ய இடம் கிடைக்காது. இறுதியாண்டில் வெளியூர்ப் போட்டிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். குறைந்துபோனால் ஒளித்து வைக்காமல் வீட்டில் முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை.

மெல்லப்பேசி:
எழுபத்தொன்று அண்ணா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் இங்கே கேட்டது அனுபவம், நீங்கள் எழுதியது ஓ.டி. விண்ணப்பம் போடும் முறை. அப்புறம், உங்களைத் தேர்வு எழுத விடாதது வருகைப்பதிவு விதி. அதை மைம் தலையில் ஏன் போடுகிறீர்கள்?

எனக்குச் சிறு வயதிலிருந்தே திக்கும். 'க'வில் தொடங்கும் சொல் வந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். தமிழ்த் துறை நாடகத்தில் கண்ணகி வேடம் கொடுத்தார்கள். ஒன்றரைப் பக்க வசனம், ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. திரைக்குப் பின்னால் வந்ததும் தோழி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "கொ... கொடு" என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கலையால் குறை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எனக்குப் போகவில்லை. வைவாவில் இன்றும் திக்குகிறேன். ஆனால் எனக்குள்ளே திக்காமல் பேசும் ஒருத்தி இருக்கிறாள், அவள் குரலை நான் கேட்டிருக்கிறேன்.

அடிக்குச்சி, ஆசானிடம் பிறகாவது உண்மையைச் சொன்னீர்களா?

அடிக்குச்சி:
இல்லை. ஆனால் கடைசி ஆண்டு விழாவுக்குத் தாத்தாவை அழைத்து வந்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் என் பறையை வாங்கிக் காதோரம் வைத்து இரண்டு தட்டு தட்டினார். "இன்னுங் கொஞ்சம் காய்ச்சிருக்கணும்டா" என்றார். ஆசான் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவரே போய்ப் பழைய பேப்பர் எடுத்து வந்து தீ மூட்டினார். இருவரும் குத்த வைத்து உட்கார்ந்து பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தீக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஹாஸ்டல் பையன்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.