அறுபதுக்கு மேல் வாட்டர்கலர் தொடங்கலாமா?

வெள்ளைத்தாள்: ஓய்வு பெற்றதும் வாட்டர்கலர் பழக நினைப்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். அறுபதில் கண்வில்லை மஞ்சளித்துவிடும். விழித்திரைக்குப் போகும் வெளிச்சம் இருபது வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அடர்நீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் மங்கும். சிலருக்குக் கை வேறு நடுங்கும். தப்பாக விழுந்த கோட்டை இதில் அழிக்க முடியாது. காய்ந்தால் கரையாத அக்ரிலிக் வண்ணத்தில் மேலே பூசி மறைக்கலாம்.

நீலாம்பரி: கண்ணைப் பற்றிச் சொன்னது உண்மை, முடிவுதான் தவறு. பகல்வெளிச்சம் மாதிரி வெள்ளையான 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேல் உள்ள விளக்கு வையுங்கள். வலக்கைக்காரருக்கு அது இடப்பக்கம் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் மூக்குக்கண்ணாடி. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே வில்லையில் பவர் மாறும் புரோகிரசிவ் கண்ணாடியில், கிட்டத்தில் பார்ப்பதற்கான பகுதி கீழே குறுகலாக இருக்கும். தாளின் மேல்விளிம்பைப் பார்க்க முகவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து பிடித்துக்கொள்ளும், கோடும் கோணும். கண்ணுக்கும் தாளுக்கும் 50 செ.மீ. என்றால் அந்தத் தூரத்துக்கென்றே ஒற்றைப் பவரில் ஒரு கண்ணாடி போடுங்கள். வண்ணங்களைத் தட்டில் எப்போதும் ஒரே வரிசையில் வையுங்கள். கண்புரை முற்றிய காலத்தில் பிரெஞ்சு ஓவியர் மோனே டியூப் லேபிளையும் அந்த வரிசையையும் நம்பித்தான் வரைந்தார். அறுவை சிகிச்சை 1923இல், 82 வயதில்.

வெள்ளைத்தாள்: மோனே ஆயுள் முழுக்க வரைந்தவர், புதிதாகத் தொடங்கியவர் அல்ல. எழுபதுகளின் பிற்பகுதியில் மும்முரமாக இறங்கிய அமெரிக்க ஓவியர் கிராண்ட்மா மோசஸும் எண்ணெய் வண்ணக்காரர். வாட்டர்கலர் வாஷ், அதாவது பரந்த இடத்தில் நீர்த்த வண்ணத்தைச் சீராக இழுக்கும் பூச்சு, பாதி இழுப்பதற்குள் காய்ந்துவிடும். மெதுவான கை அதற்கு ஈடுகொடுக்காது.

நீலாம்பரி: மூட்டுவலியால் ஊசிவேலை முடியாமல் போனதால்தான் மோசஸ் தூரிகை எடுத்தார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காய்வதற்கு வழி இருக்கிறது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பருத்தித்தாளின் பின்பக்கத்தையும் நனைத்து, வழவழப்பான பலகையில் அந்த ஈரத்தாலேயே ஒட்டவையுங்கள். ஈரம் வெகுநேரம் நிற்கும். தாள் 18 x 26 செ.மீ. போதும், தூரிகை 12ஆம் எண் உருண்டை. சின்னத் தூரிகையால் பலமுறை தொடுவதால்தான் பட்டை பட்டையாகத் தெரிகிறது.

ஈரத்தூரிகை: ஒன்று சேர்க்கிறேன். மினுமினுப்பு போய் ஈரம் மட்டும் மிச்சமிருக்கும் நேரத்தில் நிறைந்த தூரிகையை வைத்தால் காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கட்டும். அப்போது கையை எடுத்துவிட வேண்டும், எந்த வயதானாலும். அழிக்கவே முடியாது என்பதும் சரியில்லை. அல்ட்ராமரீன் என்ற நீலம் ஈரத்தூரிகைக்குப் பெரும்பாலும் எழும்பி வந்துவிடும். தாலோ என்ற இன்னொரு நீலம்தான் கறையாகப் பிடித்துக்கொள்ளும், முதல் ஆறு மாதம் அதைத் தொடாதீர்கள்.

வெள்ளைத்தாள்: பின்பக்கம் நனைப்பதை ஏற்கிறேன். தாவரப்படம் மாதிரி நுண்கோட்டு வேலைக்கு மட்டும் என் கருத்து மாறவில்லை.

நீலாம்பரி: அதற்கும் கோட்டைத் தனித்தாளில் வரைந்து, வேண்டிய மட்டும் திருத்தி, பின்பக்கம் பென்சில் கரி தேய்த்துப் படியெடுக்கலாமே. நடுங்கிய கோடு வண்ணத்தாளுக்கு வரவே வராது.