யூனிற்றேரியன் (கடவுள் ஒருத்தர்தான், திரித்துவம் இல்லை எண்டு தொடங்கின கூட்டம்) ஆக்களிட சேர்ச்சுக்குப் போன ஆரும் இருக்கிறியளோ?

கிளிநொச்சி ஆள்:
விசிட்டர் விசாவில ரொறன்ரோவுக்குத் தங்கச்சியிட்டப் போயிருந்த நேரம், அவவோட வேலை செய்யிற ஒரு வெள்ளைக்கார அம்மா ஞாயிற்றுக்கிழமை வாங்கோ எண்டு கூப்பிட்டவ. எனக்கு உள்ளுக்க ஒரு யோசனை, ஏனெண்டா சண்டை முடிஞ்சாப்பிறகு எங்கட பக்கம் அரிசி பருப்போட வந்து பிறகு செபத்துக்கு வா எண்டு நிண்ட ஆக்களைக் கண்டனாங்கள்தானே, இதுவும் அந்தக் கேஸ்தான் எண்டு நினைச்சுக்கொண்டுதான் போனனான். சென்ற் கிளயர் அவெனியூவில இருக்கு, 1845 இல தொடங்கின சபை. கண் சிலுவையைத் தேடிச்சு, காணேல்ல. ஒரு கிண்ணத்தில தீபம் ஏத்தித் தொடங்கிச்சினம். பிறகு விருப்பமான ஆக்கள் முன்னுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி, பேரப்பிள்ளை பிறந்திருக்கு, மனிசிக்குக் கான்சர் எண்டு சந்தோசம் துக்கம் எல்லாத்தையும் சபைக்கு முன்னால சொல்லிச்சினம். ஒருத்தர் ஒண்டுமே கதைக்காமல் கொளுத்திப்போட்டுத் திரும்பி வந்து இருந்தார், ஆரும் ஏன் எண்டு கேக்கேல்ல. ஊரில செத்த ஆக்களின்ர பேரைச் சொல்லி ஒரு விளக்குக் கொளுத்தவே பயந்து பயந்து இருந்த சனம் நாங்கள், அதால நானும் எழும்பிப் போய் ஒண்டு கொளுத்தினனான்.
முடியக் கோப்பி. ஒருத்தர் தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை எண்டார், பக்கத்தில நிண்டவ தான் யூதக் குடும்பம் எண்டா. என்னை மாறு எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல.

மடு ரோட்டுக்காரி:
தம்பி, திரித்துவத்தை, பிதா சுதன் பரிசுத்த ஆவி மூண்டும் ஒரே கடவுள் எண்டுறதை, விட்டா எனக்கு அது வேதமே இல்லை, சொல்லிப்போட்டன். ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோயிலுக்கு வாற சைவச் சனத்தை நீ ஞானஸ்நானம் எடுத்தனியோ எண்டு நாங்களும் கேக்கிறேல்ல. ஆனா வாறவை எல்லாரும் மாதாவிட்டத்தான் வருகினம். எல்லாரையும் உள்ள விடுறது வேற, இன்னதைத்தான் நம்போணும் எண்டு ஒண்டுமே சொல்லாதது வேற.

புதுக்குடியிருப்பு, இப்ப லண்டன்:
அக்கா சொல்றது சரி, ஆனா தொடக்கத்தில யூனிற்றேரியன்காரரும் கிறிஸ்தவர்தான், கடவுள் ஒருத்தர், யேசு மனிசன் எண்டு சொன்ன கிறிஸ்தவர். திரித்துவத்தை மறுத்தார் எண்டு 1553 இல செர்வேற்றஸ் எண்ட ஸ்பானிய அறிஞரை ஜெனீவாவில உயிரோட எரிச்சவை. திரான்சில்வேனியாவில (இப்ப ருமேனியாவுக்க இருக்கு) 1568 இல அவரவர் விளங்கினபடி பிரசங்கிக்கலாம் எண்டு சட்டமே போட்டும், அங்க முன்னுக்கு நிண்ட பிரான்சிஸ் டேவிட் 1579 இல மறியலுக்க செத்தவர். லண்டனில எசெக்ஸ் ஸ்ரீற் சபை தொடங்கினது 1774 இல. அமெரிக்காவில 1961 இலதான் யூனிவேர்சலிஸ்ற்காரரோட சேர்ந்தவை, யூனிவேர்சலிஸ்ற் எண்டா நித்திய நரகம் எண்டு ஒண்டில்லை, எல்லாரும் கரை சேருவினம் எண்டுற கூட்டம்.
எங்கட ஆக்களுக்குத் தெரியாத கதை ஒண்டு: சென்னையில 1795 இலயே இந்தச் சபையைத் தொடங்கினது ஒரு தமிழர், வில்லியம் றொபேட்ஸ். இங்கிலாந்து யூனிற்றேரியன்காரர் பிரீஸ்ட்லி, லிண்ட்சே எழுதினதுகளை வாசிச்சு வந்த ஆள். இங்கிலாந்தில திரித்துவத்தை மறுக்கிறது 1813 வரைக்கும் சட்டப்படி குற்றம், அதுக்கு முதலே சென்னையில தமிழில நடந்திருக்கு!

கிளிநொச்சி ஆள்:
காசு கேக்கிறவையோ எண்டு இன்பொக்ஸில கேட்டவைக்கு: உறுப்பினர் எண்டா ஒரு புத்தகத்தில கையெழுத்து, வருசத்துக்கு இவ்வளவு தருவன் எண்டு ஒரு வாக்கு, அவ்வளவுதான். மினிஸ்ரரை மேலிடம் அனுப்பிறேல்ல, சபைச் சனமே வோட்டுப் போட்டு எடுக்கும். எங்கட கோயில் பரிபாலன சபைக் கூட்டம் மாதிரிப் புடுங்குப்பாடும் இருக்காம். எனக்கு ஒரு குறை, விழுந்து கும்பிட அங்க ஒண்டும் இல்லை, கை சும்மா கிடந்து என்னவோ செய்யுது.
சின்னப்பிள்ளையள் நடுவில எழும்பி வேற அறைக்குப் போகுதுகள், அங்க எல்லாச் சமயமும் சொல்லிக்குடுக்கினம். தங்கச்சியின்ர மகன் அண்டைக்குப் புத்தரைப் பற்றிப் படிச்சுப்போட்டு வந்து காருக்க புத்த சமயப் பண்டிகை வெசாக் எப்ப எண்டு கேட்டவன். தங்கச்சி வாயே திறக்கேல்ல. நான்தான் வைகாசிப் பூரணைக்கு எண்டு சொன்னனான்.